மூன்றாவது குட் மார்னிங்

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் நாக்கு குழறினது உண்டா? நடை தடுமாறினது, கை மரத்துப்போனது, அந்த மாதிரி ஏதாச்சும்?"

நர்ஸ் தெல்மாவின் பேனா படிவத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஹெர்மினா அப்பாவின் காலிலிருந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது பூட்ஸ் சுலபமாக வந்துவிட்டது. வலதுக்குள் சேறு புகுந்து இறுகியிருந்தது; குதிகாலைப் பிடித்து இழுக்க இழுக்க அப்பாவின் உடம்பே கட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்தது.

"இல்லை," என்றாள்.

"ஒரு தடவைகூட?"

"இல்லை நர்ஸ்."

நர்ஸ் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். வயது அறுபத்திமூன்று. சர்க்கரை இல்லை. ரோட்டு வேலை, வடிகால் வெட்டுவது. குடிப்பழக்கம் இருந்தது, விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஹெர்மினா மளமளவென்று உண்மையைச் சொன்னாள்.

அப்பா எல்மோந்தின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. மூடாத கண் ஒன்று அவளிருந்த பக்கமாகத் திரும்பியிருந்தது. தான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கத் துணியாமல் பூட்ஸ் இரண்டையும் ஜோடி சேர்த்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

காலையில் வளைவு ரோட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோதே விழுந்துவிட்டார். கூட வேலை செய்பவர்கள் கதவுப் பலகை ஒன்றில் போட்டு ஊர்ச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைநகர் ரோசோவிலிருந்து ஆம்புலன்ஸ் வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அம்மா மாற்றுத்துணியைப் பையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மலைக்குக் கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் அவர் மூச்சு நின்றுபோயிற்று. நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். எப்போது? யார் பார்த்தது? பார்த்தவர் என்ன செய்தார்?

*

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை முதல் பீரியட் மரியாதை வகுப்பு. அது பாடத்திட்டத்தில் கிடையாது. ஹெர்மினா தானாக ஆரம்பித்தது. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது, கதவைத் தட்டுவது, தயவுசெய்து, நன்றி, மன்னிக்கணும். ஊரில் அவள் வகுப்புப் பிள்ளைகளைத் தனியாகத் தெரியும். கடையில் போய் நின்றால் முதலில் குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் சீனி கேட்பார்கள்.

அன்றைக்கு முப்பத்திரண்டு பேரும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது கதவு தடாலென்று திறந்தது. அப்பா. தலையில் தொப்பி, கையில் வெட்டுக்கத்தி, முழங்கால் வரை சேறு. யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்து டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மினா... கொஞ்..." என்றார். மீதி வாய்க்குள்ளேயே புரண்டது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது திரும்பி வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் இதேபோல் மைதானத்துக்கு நடுவே வந்து நின்று, மினா மினா என்று கூப்பிட்டு, கயிற்றில் தடுக்கி விழுந்த மனிதர். ஊரே சிரித்தது. பிறகு ஒரு வருஷம் பிள்ளைகள் அவள் பின்னால் தள்ளாடி நடந்து காட்டினார்கள்.

ரம் வாடை அடிக்கவில்லை. அது அவள் மூக்குக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"பிள்ளைகளா, இப்ப உள்ளே வந்தவர் என்னென்ன தப்புப் பண்ணினார்? யார் சொல்றீங்க?"

கைகள் உயர்ந்தன. கெரிஷாவின் கைதான் முதலில்.

"கதவைத் தட்டல டீச்சர்!"

"தொப்பியைக் கழட்டல!"

"குட் மார்னிங் சொல்லல!"

"டீச்சர், உங்க நாற்காலியில உக்காந்துட்டார் டீச்சர்!"

அப்பா பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும் ஏறியிருந்தது. கேலியாகச் சிரிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"மிஸ்டர் எல்மோந்த், தயவுசெய்து வெளியே போய் முறையா வாங்க."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே போனார். கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "கு... மானி... தீச்ச..." என்றார். வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

"கேக்கல. வாயைத் திறந்து சொல்லுங்க. இன்னொரு தடவை."

இரண்டாவது தடவையும் அப்படித்தான். பின்வரிசையில் ஒருவன் அதே மாதிரி சொல்லிக் காட்டினான். அவனை அவள் அதட்டினாள். அதுவும் மரியாதை வகுப்புத்தானே.

மூன்றாவது தடவை கதவைத் தட்டுவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. உள்ளே வந்தார். ஆற்றில் கல் மாற்றிக் கல் கால் வைக்கிறவர்போல ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "குட். மார்னிங். டீச்சர். குட். மார்னிங். பிள்ளைகளா." நெற்றியெல்லாம் வேர்வை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"நன்றி, மிஸ்டர் எல்மோந்த். இப்ப சொல்லுங்க, என்ன வேணும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணுமில்ல, டீச்சர். தேங்க் யூ."

போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில், "குடிச்சீங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினார். "வெயில்," என்றார். அன்றிலிருந்து அவளை மினா என்று கூப்பிடவில்லை. டீச்சர், உப்பை எடு. டீச்சர், மழை வருது, குடை கொண்டு போ. அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள். குத்திக்காட்டுகிறார் என்று ஹெர்மினா உர்ரென்று இருப்பாள். அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். அதற்குப் பிறகு கொக்கோ கோப்பையை வலது கையால் பிடிக்க ஆரம்பித்தார். அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தப் போய்விட்டாள்.

ஈஸ்டர் லீவில் ரோசோவில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அங்கே இந்தக் கதையை அவளே சொன்னாள். சொந்த அப்பாவையும் விடவில்லை என்று சொன்னபோது அறை முழுக்கக் கைதட்டியது. நாக்கு குழறியதை மட்டும் சொல்லவில்லை.

*

ஐந்தாம் நாள் அடக்கம். குழியை அப்பாவோடு வடிகால் வெட்டியவர்களே வெட்டினார்கள். காலை எட்டு மணிக்கு ஹெர்மினா ஒரு பேசினில் பொரித்த ரொட்டியும் கருவாட்டுப் பிரட்டலும், பெரிய கூஜாவில் கொக்கோவும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினாள்.

"குட் மார்னிங் டீச்சர்!" என்று குழிக்குள்ளிருந்து மூன்று தலைகள் சொல்லின.

"சுவர் கோணலா இருக்குடா," என்றார் மேலே நின்ற டைட்டஸ். அப்பாவுக்கு முப்பது வருஷக் கூட்டாளி. "எல்மோந்த் இருந்தா மண்வெட்டியப் பிடுங்கிட்டு உன்னை மேல ஏறுன்னு சொல்லியிருப்பான்."

"அவன்தானே படுக்கப்போறான், படுத்துக்கிட்டே திட்டட்டும்," என்றான் உள்ளே நின்றவன். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு ஒருவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

டைட்டஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு வேலி வரைக்கும் நடந்தார்.

"மினா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மார்ச்சுல அன்னிக்கு வந்தானே, நீ நர்சுக்குச் சொல்லலையா?"

"என்னைக்கு அங்கிள்?"

"பள்ளிக்கூடத்துக்குக் கீழ வேலை. கத்தி கையில இருந்து ரெண்டு தடவை நழுவுச்சு. வாய் ஒரு பக்கமாப் போச்சு. நான்தான் சொன்னேன், உம் பொண்ணு இங்கதானே இருக்கா, போ, அவ போன் பண்ணிச் சொல்லுவான்னு. போனான். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து மறுபடி கத்தியை எடுத்தான். என்னடா ஆச்சுன்னேன். சரியாப்போச்சுன்னான். புள்ளைங்களுக்கு மரியாதை சொல்லிக் குடுத்துட்டிருக்கா, நல்லாச் சொல்லிக் குடுக்கிறா, நடுவுல எதுக்குத் தொந்தரவுன்னான்."

கொக்கோ கூஜாவின் மூடியை அவள் திருகினாள். மூடியிருந்ததையே இன்னும் திருகினாள்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல அங்கிள்."

அது உண்மைதான். நர்ஸிடம் சொன்ன பொய்யைவிட இந்த உண்மை அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆமா, அவன் சொல்ல மாட்டான்," என்றார் டைட்டஸ். பேசினைப் பார்த்தார். "கருவாடு அம்மா செஞ்சதா? இன்னொண்ணு எடுத்துக்கிறேன்."

*

தேவாலயத்தில் தலைமையாசிரியை மிஸஸ் லாரண்ட் எழுந்து பேசினார். மூன்றாம் வகுப்பு மாணவர்கள் வெள்ளைச் சட்டையில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு நாள் மிஸ்டர் எல்மோந்த் சேத்துக் காலோட எங்க பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தார்," என்று ஆரம்பித்தார். ஹெர்மினா கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் பாதியாக மடித்தாள். "அவர் மகள் என்ன பண்ணினா தெரியுமா? திருப்பி அனுப்பிட்டா! முறையா வாங்கன்னா. அந்த மனுஷனும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. ஒரு தடவை இல்ல, மூணு தடவை போய்ப் போய் வந்தார். எத்தனை அப்பன்மார் செய்வாங்க? நம்ம பிள்ளைங்க படிக்கணும்னு தன்னையே பாடமாக் குடுத்துட்டுப் போனார்."

சனங்கள் கண்ணீரோடு சிரித்தார்கள். "ஆமென்" என்று ஒரு குரல். டைட்டஸ் மட்டும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சை நோக்கித் திரும்பி, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் தொப்பியைப் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் வரிசையிலிருந்து கெரிஷா எட்டிப் பார்த்துப் பெருமையாகப் புன்னகைத்தாள். ஹெர்மினா பதிலுக்குத் தலையசைத்தாள்.

எழுந்து நின்று சொல்லிவிட அவளுக்கு இடமிருந்தது. நிகழ்ச்சித் தாளில் அடுத்த பெயரே அவளுடையதுதான்: குடும்பத்தின் சார்பில் நன்றி. அவள் போனாள். பாதிரியாருக்கு நன்றி சொன்னாள். நர்ஸ் தெல்மாவுக்கு, குழி வெட்டியவர்களுக்கு, சமைத்தவர்களுக்கு, பூ கொடுத்தவர்களுக்கு, ஒரு பெயர் விடாமல், வரிசை மாறாமல், குரல் நடுங்காமல் சொன்னாள். என்ன அழகாப் பேசினா என்று வாசலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். டைட்டஸ் கைகொடுக்க வரவில்லை. முன்னாலேயே குழியருகே போய்விட்டார்.

*

மறுநாள் சாயங்காலம் அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்குப் போட்ட போர்வைகள் கொடி நிறையக் காய்ந்தன. ஹெர்மினா பின்கதவில் நின்றாள். அம்மா கிளிப்புகளைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டாள்.

"அம்மா, அன்னிக்கு அவர் விளையாட்டுக்கு மூணு தடவை வரல."

அம்மா அடுத்த கிளிப்பைப் பிடுங்கினாள்.

"வாய் கோணிடுச்சு. பேச முடியல. உதவிக்குத்தான் வந்தார். நான் குடிச்சிருக்கார்னு... இல்ல. குடிக்கலன்னு எனக்குத் தெரியும். வாடையே வரல. தெரிஞ்சும் நான் நிக்க வெச்சேன். பிள்ளைங்க சிரிச்சாங்க. அப்புறம் நர்ஸ் கேட்டப்ப, இதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்."

அம்மா வாயிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள்.

"அதானா," என்றாள் கடைசியில்.

"என்னம்மா?"

"விடியக்காலம் எழுந்து அந்த ஈரப்பலா மரத்துக்குப் பின்னால போய் நின்னுக்குவார். குட் மார்னிங் டீச்சர், குட் மார்னிங் பிள்ளைகளான்னு. திரும்பத் திரும்ப. மரத்துக்கிட்ட என்னய்யா பேச்சுன்னு கேட்டேன். மறுபடி ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், இந்த வாட்டி முதல் தடவையே சரியா வரணும்னார். நான் வயசாயிடுச்சு, புத்தி பிசகிடுச்சுன்னு சிரிச்சேன்." கூடையைக் காலால் நகர்த்தினாள். "தினமும் சிரிச்சேன்."

பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைப் போட்டு உடனே தணித்தார்கள், சாவு வீடு பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்ததுபோல.

ஹெர்மினா படியிறங்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மன்னிக்கணும் என்ற சொல் முப்பத்திரண்டு குரல்களில் கோரஸாக வந்து நின்றது. அதை அவளால் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

அம்மா ஒரு போர்வையைக் கொடியிலிருந்து இழுத்தாள். அது பெரியது, ஒரு ஆளால் மடிக்க முடியாது. பாதி தரையைத் தொட்டது.

"அந்த முனையைப் பிடி," என்றாள்.

ஹெர்மினா பிடித்தாள். இருவரும் விலகி நின்று இழுத்தார்கள். போர்வை விறைத்து ஒரு தரம் படபடத்தது. முனையோடு முனை சேர்த்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். அம்மா அவள் விரல்களிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஹெர்மினா குனிந்து கீழ் மடிப்பை எடுத்துக் கொடுத்தாள். மீண்டும் ஒருமுறை நடந்தார்கள். கொடியில் இன்னும் ஐந்து இருந்தன.