சுங்காய்க்குத் திரும்பிய பேராசிரியர்

சென்னையில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த ஆம்புரோஸ், பதினாறு வருஷத்துக்குப் பிறகு 1927இல் மலாயாவின் சுங்காய் ரயிலடியில் வந்து இறங்கினார். பிறந்தபோது வைத்த பெயர் சன்னாசி. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய சின்னையாவின் இளைய மகன். கணக்கில் அவருக்கிருந்த வேகத்தைப் பார்த்து ஒரு பாதிரியார் ஈப்போவுக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். அங்கே பெயர் மாறியது. பிறகு சென்னைக்குக் கப்பலேறியதும் ஊரும் மாறியது. வரும் ஆனியில் துறைத் தலைவர் பதவி அவருக்குத்தான் என்று கல்லூரியில் பேச்சு.

சின்னையா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்து, புதைத்த இடத்தையாவது பார்க்க ஆம்புரோஸ் வந்திருந்தார்.

கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் அண்ணன் மாயாண்டி பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. யாரைப் பாக்கணும்?"

"அண்ணே, நான்தான்."

"தெரியுது. நம்ம தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதப் புதுக் கிராணி வந்திருக்காரு. உங்ககிட்ட படிச்சவராம். உங்க அப்பா பேராக்குல பெரிய தோட்ட மொதலாளின்னு நீங்களே சொன்னீங்களாமே?"

பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஆம்புரோஸ் குரலைத் தாழ்த்தினார்.

"கூலி மவன்னு தெரிஞ்சா அங்க வேலை குடுத்திருக்க மாட்டாங்க. உனக்கு அதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். அப்பன் சாகக் கெடக்குன்னு மூணு கடுதாசி போட்டேனே, அதை என்ன செஞ்சீங்க?"

முதல் கடிதத்தை ஆம்புரோஸ் படித்துவிட்டுக் கிழித்திருந்தார். மற்ற இரண்டையும் பிரிக்காமலே கிழித்திருந்தார். அதைச் சொல்லாமல் கோபப்பட்டார்.

"நானும் உன்னைப் போல இந்த லயத்துலயே கெடந்து சாகணுமா?"

மாயாண்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். தம்பியின் பெட்டியைத் தூக்கிச் செம்மண்ணில் வீசினான். சட்டைகளும் கணக்குத் தாள்களும் சிதறின.

"அப்பனைப் பொதைச்ச எடத்தை நான் காட்ட மாட்டேன். இங்க யாரும் காட்ட மாட்டாங்க. போயிரு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் குனியவில்லை. ஆம்புரோஸ் தாமே ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார்.

கல்லூரிக்குத் திரும்பிய வாரம், தேநீர் நேரத்தில் பிரின்சிபால் விசாரித்தார்: "உங்கள் தந்தையின் தோட்டம் எப்படி இருக்கிறது?"

"அது அவருடைய தோட்டம் இல்லை. அவர் அங்கே பால் வெட்டிய கூலி. இறந்துவிட்டார்."

பிரின்சிபால் பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனியில் தலைவர் பதவி, ஆம்புரோஸுக்கு ஐந்து வருஷம் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. நடந்ததை ஆம்புரோஸ் மாயாண்டிக்கு எழுதவில்லை. உண்மையைச் சொன்னதற்காக அண்ணன் மனம் இளகுவான் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை.