மூலை தேயாத கண்ணாடி

ஊரில் பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டவர் அவர். தெருவில் "கண்ணாடிக்காரரே" என்று கூப்பிட்டால் திரும்புவார். ஆனால் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் முப்பது வருஷமாக ஒரு மங்கல் கண்ணாடி கிடந்தது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவருக்குக் காது கேட்காது.

அந்தக் கண்ணாடியை விற்ற தெருமுனைக் கடைக்காரரோடு அவருக்கு, அது மங்க ஆரம்பித்ததிலிருந்து பேச்சு கிடையாது. மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கோபம். இரண்டு தெரு தள்ளிப் போய் வேறு கடையில் வாங்குவாரே தவிர, முனைக்கடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டார்.

யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நாலு மில்லிமீட்டர் கனம் என்று ஒரு கடைக்காரன் எடுத்து வைத்தால் நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, "மூணு. எடுத்து உள்ள வை" என்பார். சத்தத்திலேயே தெரிந்துவிடும். கழற்றிய பழைய கண்ணாடியை முழுசாக வெளியே விடமாட்டார். வாளிக்குள் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. அவர் கழற்றிப் போட்டதையே எவனோ துடைத்துப் புதுசு என்று விற்றதிலிருந்து அந்தப் பழக்கம்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகள் போட்டோ பிடிக்கிறவள்.

பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. மீதி நேரமெல்லாம் கையில் கேமரா. நாலு பேரை நிற்கவைத்துப் பிடித்தாலும் பரவாயில்லை. அவள் பிடிப்பது உரித்த ஆரஞ்சுத் தோல், டீ கிளாஸ் வைத்த ஈர வட்டம், மாமியார் முறுக்கிப் போட்ட கைத்துணி. முட்டையை வேகவைத்து இறக்கினால் போதும், "ஒரு நிமிஷம் மாமா, கை வைக்காதீங்க" என்று ஓடி வருவாள். அந்த ஒரு நிமிஷம் கால் மணி நேரம்.

"போட்டோ எதுக்கு எடுப்பாங்க தெரியுமா? ஒண்ணு அடையாள அட்டைக்கு, இல்ல போலீசுக்கு. முட்டை என்னம்மா திருடிச்சு?"

"முட்டை திருடல மாமா. உங்க முட்டையில பாதியை அத்தை திருடுறாங்க. சாட்சி வேணாமா?"

"என்னை ஏண்டி இழுக்கற?" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும்.

மகன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் வெளியூர். வீட்டில் தனக்குச் சரிக்குச் சரி வாயாட ஒரு ஆள் கிடைத்ததில் கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் ஏக சந்தோஷம். செத்தாலும் வெளியே சொல்லமாட்டார்.

அந்த மாதம் ஒரு பீங்கான் கடையிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. ஆறு சாமான் கொடுத்து ஆறு படம் கேட்டார்கள். ஸ்டூடியோ பளபளப்பு கூடாது, வீடு மாதிரி இருக்க வேண்டும். ஆறும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பிடித்துப்போனால் மாதாமாதம் அவளுக்கே வேலை. கடைக்கார அம்மாள் போனில் "நீங்கதான் போட்டோகிராபரா?" என்று கேட்டாளாம். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டைச் சுற்றி வந்தாள்.

ஐந்து படம் முடிந்திருந்தது. எல்லாம் சமையலறை மேஜையில், காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் எடுத்தவை. அதற்குப் பிறகு அங்கே வெயில் வராது. பாக்கி, நீல விளிம்பு போட்ட கிண்ணம் ஒன்றுதான். அதைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவள் அந்த ஜன்னலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடிக்காரர் கவனித்தார். மனசில் சுருக்கென்றது. பெரிய கடைக்குப் போகிற படம், கண்ணாடிக்காரன் வீட்டில் இப்படி ஒரு கண்ணாடி; பாவம், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று தானாகவே முடிவு கட்டினார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தார். சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்து இறுகிக் கிடந்த லப்பத்தை உளியால் சுரண்டினார். பழைய கண்ணாடிக்கு வாளியில் ஒரு போடு. ஐந்து மில்லிமீட்டரில் முதல்தரச் சரக்கு, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு, புது லப்பத்தைக் கட்டைவிரலால் ஒரே வழிப்பு. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. ஒரு ஈ பறந்து வந்து மோதி விழுந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை.

சாயங்காலம் மருமகள் வந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"எப்படி?" என்றார், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"நல்லா இருக்கு மாமா."

நாலு என்று சொல்லி நீட்டிய மூணு மில்லிமீட்டரைச் சுண்டினால் எழும் சத்தம் அவள் குரலில் கேட்டது. ஆனாலும் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை, சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி மேஜையில் வைத்தாள். ஒன்பதரைக்கு வெயில் உள்ளே வந்தது, கத்தியை நீட்டிக்கொண்டு வருகிற மாதிரி. ஜன்னல் கம்பியின் நிழல் கிண்ணத்தை நாலாக நறுக்கியது. மேஜையை நகர்த்தினாள். ஜன்னலுக்கு வெள்ளைத் துணியைக் கட்டினாள், படம் மஞ்சளடித்தது. மறுபடி மேஜையை நகர்த்தினாள்.

வாசற்படியில் டீயோடு நின்ற கண்ணாடிக்காரரை மனைவி கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கெடுத்துட்டீங்களே!"

"என்னத்தை? தெளிவான கண்ணாடி ஒரு குத்தமா?"

"அவளுக்கு அந்த மங்கல்தாங்க வேணும். அந்த வெளிச்சத்துலதான் அஞ்சையும் எடுத்தா. உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுவா? பழசு எங்க?"

"உடைச்சாச்சு."

"அதானே. உடைக்காட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே."

கண்ணாடிக்காரர் டீயை அப்படியே கீழே வைத்தார். தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வராது, கைதான் வரும். மிச்சத் துண்டு ஒன்றை ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஈரச் சாக்கின்மேல் கிடத்தினார். சாணை பிடிக்கிற எமரித் தூளைத் தூவித் தண்ணீர் தெளித்து, ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேய்த்தார். பளிங்குபோல இருந்ததைத் தன் கையாலேயே பாழாக்குகிறோமே என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார். பத்தேகாலுக்கு முடித்து, புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்.

மருமகள் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். குளியலறையின் மங்கல் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம்போல இருந்தது. கிண்ணம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளிறிக் கிடந்தது.

"கிட்டத்தட்ட வந்துருச்சு மாமா," என்றாள்.

"கிட்டத்தட்டப் பொருந்துற கண்ணாடி தலையிலதான் விழும். மழுப்பாம சொல்லு. என்ன குறையுது?"

அவள் தயங்கி, பழைய ஐந்து படங்களையும் எடுத்துக் காட்டினாள். அவர் அவற்றைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தட்டில் பாதி உரித்த முட்டை. கோப்பைக்குப் பக்கத்தில் காதுக் கம்பியை நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி, அது அவருடையது. அவர் ஆணியடித்த மேஜை, அவர் கைபட்டுச் சில்லுப் பெயர்ந்த ஓரம். சொந்த வீட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு. இவ்வளவு நன்றாகவா இருக்கிறோம் என்று சந்தேகமாகக்கூட இருந்தது.

"இந்த விளிம்புல மின்னுதே ஒரு கோடு, அது எங்கேர்ந்து வருது?"

"அதுதான் மாமா குறையுது. பழைய கண்ணாடி நடுவுலதான் மங்கல். நாலு மூலையும் தெளிவா இருக்கும். நடுவுல வர்ற வெயில் மெத்துனு விழும். மூலையில வர்றது இப்படிக் கோடு போடும்."

"கம்பெனிக்காரன் அப்படியா செய்வான்? மூலையை மட்டும் விட்டுட்டு?"

"கம்பெனியாவது ஒண்ணாவது," என்றாள் மனைவி. "முப்பது வருஷமா வாராவாரம் சாமான் தேய்க்கிற பவுடரைப் போட்டு அதைத் தேய்ச்சது யாரு? என் கை வட்டமாத்தான் போகும். மூலைக்குப் போகாது."

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். தெருமுனைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"அழுக்குன்னு ஜன்னலைத் திட்டுனீங்க. நானும் இன்னும் நல்லாத் தேய்ச்சேன்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மணி பத்தரை.

அவர் இன்னொரு துண்டு வெட்டினார். இந்தத் தடவை அவர் பிடித்துக்கொள்ள, தேய்த்தவள் மனைவி. அவள் கை சுற்றிச் சுற்றிப் போனது, நடுவில் அழுத்தமாக, ஓரத்துக்கு வரவர லேசாக.

"இன்னும் கொஞ்சம் வெளிய வா."

"எனக்குச் சொல்லித் தராதீங்க. அசையாம பிடிங்க."

மருமகள் அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து, "போதும் அத்தை, போதும்!" என்று கத்தினாள். லப்பம் வைக்க நேரமில்லை. நாலு ஆணியில் நிறுத்தினார். வேறு யாராவது இப்படி மாட்டியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அதற்குள் சூப்பு ஆறி ஏடு கட்டிவிட்டது. அவள் அரை நொடி யோசித்தாள். மாமியார் காலையில் உரித்துக்கொண்டே எழுந்துபோன பட்டாணி கண்ணில் பட்டது. கிண்ணத்தைக் கழுவிப் பட்டாணியைக் கொட்டி, பிளந்த தோலை விழுந்தது விழுந்தபடி பக்கத்தில் விட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். பதினொன்றுக்கு வெயில் மேஜையை விட்டு இறங்கிப் போனது.

ஆறையும் வரிசையாக வைத்து, "எது இன்னிக்கு எடுத்ததுன்னு தெரியற மாதிரி இருக்கா, பாருங்க மாமா. கிண்ணத்தைப் பாக்காதீங்க, வெளிச்சத்தை மட்டும் பாருங்க," என்றாள்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலை ஒன்றின்மேல் வைத்தார்.

"இதுல வெளிச்சம் கொஞ்சம் புதுசு."

"அது போன வாரம் எடுத்தது மாமா!"

இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறிப்போன சூப்பைச் சட்டியோடு எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் குடித்து முடித்தார். படங்கள் பன்னிரண்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை பதில் வந்தது. அடுத்த மாதத்துக்கும் அவளே எடுக்க வேண்டும், அதே ஜன்னல் பக்கத்தில்.

அன்று மத்தியானம் கண்ணாடிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். கடைக்காரர் தலையெல்லாம் நரைத்துப் போயிருந்தார். வந்த ஆளைப் பார்த்துக் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலு மில்லிமீட்டர்ல ஒண்ணு குடு. வீட்டுல ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்."

கடைக்காரர் ஒரு கண்ணாடியை எடுத்து நிறுத்தினார். இவர் நகத்தைத் தூக்கினார். சுண்டுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். சுண்டினார்.

"நாலுதான்," என்றார். "உன்னுது எப்பவுமே நாலுதான்."