ஆல்பின் வண்டியில் மூன்றாம் ஆள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது என்று சொன்னால் அது பொய். என் தங்கை ஜெனிபர் ஒருநாள் எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்ன வாக்கியத்திலிருந்து எடுத்தது. "ஊருல எல்லாப் பொண்டாட்டியும் புருசன்கூட ஊருக்குப் போறா. நான் மட்டும் புருசன்கூடயும் அண்ணன்கூடயும் போறேன்."

அந்த அண்ணன் நான்தான். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், அச்சில் வந்த பதினொரு கதைகள். கதைகளை ஜெனிபர் மட்டும் தவறாமல் படிப்பாள். மற்றபடி ஊரில் டிராக்டருக்குத்தான் மரியாதை ஜாஸ்தி.

முதல் வரியாக இதை எழுதிப் பார்த்தேன்:

"கல்வராயன் மலைமீது மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்—"

அடித்துவிட்டேன். மேகங்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அடுத்தது:

"ஆல்பினுக்கு வழியில் மாட்டிக்கொள்வதென்றால் பயம்."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

2

ஆல்பினுக்கு வழியில் மாட்டிக்கொள்வதென்றால் பயம். ஜெனிபரின் கணவன் அவன், கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். ஊரார் மோட்டாரையெல்லாம் ஓட வைப்பவன், தன் வண்டி நின்றால் மட்டும் போனைத் தேடுவான்.

பயத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, அவன் அப்பா சவரியப்பனை ஏற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸ் சேற்றில் மாட்டி, அவர் வழியிலேயே இறந்துபோனதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்தபோது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் சவரியப்பன் மாமா சின்னசேலத்தில் திடமாக இருக்கிறார். கதை அவர் கைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? நீக்கிவிட்டேன். காரணமில்லாமலும் மனிதன் பயப்படலாம்.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணமான நான்காம் நாள் இருவரும் பைக்கில் பெரியார் அருவிக்குப் போனார்கள். பாதி மலையில் பஞ்சர். ஆல்பின் எனக்குப் போன் செய்தான். "மச்சான், எங்க கீறீங்க?" நான் டியூபும் பம்பும் எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு தூரம் போய்விட்டுச் சும்மா திரும்புவானேன் என்று மூவருமாக அருவி பார்த்தோம். போட்டோவில் நான் நடுவில் நிற்கிறேன்.*

அதன் பிறகு ஏற்காடு, செஞ்சி, வேளாங்கண்ணி. ஒன்பது வருடம். எங்கே போனாலும் ஏதாவது ஒன்று நிற்கும், போன் வரும், நான் போவேன்.

(* அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. யார் மாட்டியது என்று நான் விசாரிக்கவில்லை.)

3

இனி யாரையும் கூப்பிட வேண்டியிராத ஒரு வண்டியை உண்டாக்குவது என்று ஆல்பின் முடிவு செய்தான். லடாக் வரை போகும் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப் வந்தது.

முதலில் சேற்று டயர். டயர் பெரிதாக இருந்ததால் வண்டியை இரண்டு அங்குலம் தூக்க வேண்டியிருந்தது. பிறகு ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கிற வின்ச், அதாவது தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு மின்சார உருளையும் அதில் சுற்றிய கம்பிக் கயிறும். வின்சைத் தாங்க இரும்பு பம்பர். பம்பரைத் தாங்க கனத்த ஸ்பிரிங் பட்டை. வின்சுக்கு இரண்டாவது பேட்டரி. டயருக்குக் காற்றடிக்கக் கம்ப்ரசர். மணலில் சக்கரத்துக்கு அடியில் சொருக ஆரஞ்சு நிறப் பலகை நான்கு. கூரைமேல் மடக்குக் கூடாரம். ஆற்றில் இறங்கினால் இன்ஜின் மூச்சுவிடக் கூரை வரைக்கும் ஒரு குழாய்.

"இன்னாங்க இது, வண்டிக்கு பாத்ரூம் பைப்பு இட்டாப்ல கீது?" என்றார் பட்டறை சுப்புராயன். ஆனாலும் நேர்த்தியாகத்தான் பொருத்தினார்.

ஜெனிபர் மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு. தினமும் அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே மேலே போய் நின்றுகொண்டே கீழே வருகிறவள். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இருவத்தோரு நாள் லீவு சேத்து வெச்சிகிறேன். லடாக்குக்கு வரேன். ஆனா அதுக்கு மின்ன என்னைய ஒருதரம் நம்ம மலைக்கு இட்டுக்கினு போய் இட்டுக்கினு வாங்க. அண்ணனக் கூப்புடக் கூடாது. கூப்ட்டீங்கன்னா வண்டிய வித்துடுங்க. நான் தனியா ரயில்ல போயிக்கிறேன்."

"கூப்புட மாட்டேன்," என்றான் ஆல்பின்.

கதையில் பணயம் இதுதான். வண்டியல்ல, லடாக்கும் அல்ல. ஒருதடவையாவது இரண்டு பேராகப் போய் இரண்டு பேராகத் திரும்ப அவர்களால் முடியுமா என்பது.

4

இந்த இடத்தில் மலைப்பாதை வர்ணனை ஒன்று இருந்தது. தினமும் நின்றுகொண்டு போகிறவள் படிக்கப்போகிற கதையில், வாரத்துக்கு ஒருமுறைகூடப் போகாத நான் அதை வர்ணிப்பது அவ்வளவு நன்றாக இருக்காது.

5

இதற்கு மேல் நடந்ததை எனக்குச் சொன்னவர் ராமசாமி. மலையில் கேழ்வரகும் மரவள்ளியும் போடுகிறவர். ஆல்பினின் மனதில் ஓடியதெல்லாம் என் சரக்கு.

தடுப்பூசி போட ஜெனிபர் நடந்து போகிற குக்கிராமத்தைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். தார்ச்சாலையை விட்டு மண்பாதை. முந்தின நாள் மழை. ராமசாமியின் கொல்லை ஓரத்தில், அன்றைக்குக் காலையில்கூட ஒரு மொபெட் கடந்து போன ஈரத்தில், வண்டி நான்கு சக்கரமும் புதைய உட்கார்ந்தது.

ஆல்பினுக்கு உண்மையில் சந்தோஷம். ஒன்றரை வருடமாகக் காத்திருந்த சேறு இது. கையுறை மாட்டிக்கொண்டு கம்பிக் கயிற்றை உருவினான். கயிறு எட்டும் தூரத்தில் ஒரே ஒரு கடுக்காய் மரம். அதன் அடியில் மஞ்சள் பூசிய கல்.

"அது சாமி மரமுங்க," என்றார் ராமசாமி. "கேக்காம கயிறு கட்டக் கூடாது."

"யாரக் கேக்கணும்?"

"சாமியத்தான்."

கல்லின் இரண்டு தோளிலும் பூவை நனைத்து ஒட்டினார். வலப்பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் இல்லை. எவ்வளவு நேரமாகும் என்று ஆல்பின் கேட்டான். சாமிக்கு அவசரம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

ஆல்பின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். பிறகு கம்ப்ரசரைப் பார்த்தான்.

"இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் ஜெனிபர்.

"ஒண்ணுமில்ல."

6

ஆரஞ்சுப் பலகைகளைச் சொருகினான். அவை மணலுக்கானவை. மண்ணுக்குள் போய்விட்டன.

ராமசாமி வண்டியைத் தட்டிப் பார்த்தார். "இம்மாம் கனத்த ஏத்திக்கினு வந்தா பூமி இன்னாங்க பண்ணும்? எறக்குங்க. கனம் கம்மியானா பாக்கலாம்."

மாட்டிக்கொண்டால் மீட்பதற்கென்று ஏற்றிய சாமான்களால்தான் வண்டி மாட்டிக்கொண்டது என்பது அப்போதுதான் ஆல்பினுக்கு உறைத்தது. இறக்க ஆரம்பித்தான். பேட்டரி, கம்ப்ரசர், இரும்பு வளையங்கள், இழுவைப் பட்டைகள். ஜெனிபர் ஒவ்வொன்றையும் வாங்கிக் களத்தில் வரிசையாக வைத்தாள்.

"இது எதுக்கு?"

"இது ஷேக்கிள். கயிறையும் பட்டையையும் சேக்குறதுக்கு."

"இது?"

சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டில் இதையெல்லாம் அவன் நூறுமுறை சொல்லியிருக்கிறான். அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. "நல்லாத்தான்யா வாங்கியிருக்கற," என்றாளாம். 'ங்க' இல்லாமல், தலையை ஆட்டிக்கொண்டு. ராமசாமி இதைச் சொல்லும்போது சிரித்தார்.

மூன்று மணிக்கு அவர் மாடு ஓட்டக் கிளம்பிவிட்டார். பூக்கள் இரண்டும் அப்படியே இருந்தன.

"முடியறதுக்குள்ள ஏன் போனீங்க?" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. கதைக்காரனின் கோபம்.

"புருசன் பொஞ்சாதி பேசிக்கினு இருக்கறாங்க. எனக்கின்னாங்க வேல அங்க?"

7

நாலு இருபதுக்கு என் போன் அடித்தது. ஜெனிபர்.

அந்த இடத்தில் சிக்னல் கிடைக்க வேண்டுமானால் வண்டிக் கூரைமேல் ஏற வேண்டும். ஏறியிருக்கிறாள். கூப்பிடுவது ஆல்பின் அல்ல, ஆகையால் நிபந்தனையை மீறியதாகாது, ஆகையால் எடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் டிராக்டர் சாவி என் கைக்கு வந்துவிட்டது. ஒன்பது வருடப் பழக்கம்.

போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து நின்றது. மறுபடி அடிக்கும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற அண்ணன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பதினொரு கதை எழுதியதில்கூட அவ்வளவு பெருமை இல்லை.

8

மறுநாள் காலை வண்டி அவர்கள் வாசலில் நின்றது. ஜன்னல் வரை சேறு. எப்படி வெளியே வந்தது என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "காபி சாப்புடு" என்றாள் ஜெனிபர்.

ஆகவே முடிவை நான்தான் செய்ய வேண்டும்.

(அ) வலப்பூ விழுந்தது. வின்ச் உறுமியது, மரம் அசையவில்லை, வண்டி ஏறியது. வின்ச் விற்கிறவர்களுக்குப் பிடித்த முடிவு.

(ஆ) இடப்பூ விழுந்தது. மலைமக்கள் திரண்டு வந்து வெறும் மாட்டுக் கயிற்றால் இழுத்தார்கள். மலையில் இருப்பவர்களுக்கு வேறு வேலையே இல்லை என்று நினைப்பவர்களுக்குப் பிடித்த முடிவு.

(இ) பூ விழவே இல்லை. வண்டி கனம் குறைந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. ஜெனிபர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள், ஆல்பின் பின்னாலிருந்து தள்ளினான், இருவரும் சேற்றில்—

கதை இங்கே நின்றுவிட்டது. இருவரும் சேற்றில் இருக்கும்போது நான் எங்கே நின்றுகொண்டு இதைப் பார்க்கிறேன்? அந்த மரத்தடியிலா? போட்டோவில் நின்ற அதே ஆள், இப்போது கையில் பேனாவோடு வந்து நிற்கிறேன்.

ஜெனிபரைக் கேட்டால் சொல்லிவிடுவாள். அவள் வீடு ஐந்து நிமிடத் தூரம். கேட்கப் போவதில்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளா என்பதையும் கேட்கப் போவதில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பூவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழ வையுங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். அதில் நான் வரக் கூடாது.