'மற்றவை' என்ற கட்டம்

பெட்டிக்குள் கையை விட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ் பைகள் செங்கல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். இவை தொளதொளவென்று கைக்கு அடங்காமல் நழுவின. தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தாள். பத்தொன்பது டிகிரி. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்து எட்டைத் தாண்டவே கூடாது.

மேசையில் இருந்த டேப்லெட்டோ வேறு கதை சொன்னது. கம்பெனிக் கிடங்கில் வேன் கிளம்பியதிலிருந்து இந்த ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும்வரை நாலு டிகிரி. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராக, பச்சையாக.

"கைநாட்டு வைக்கா, கிளம்பணும்," என்றான் வேன் ஓட்டி வந்தவன். அவளுடைய தம்பி. வீட்டில் சின்னவன். கதவில் சாய்ந்து சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். மற்ற நாட்களில் இப்படி அவசரப்பட மாட்டான். காபி கேட்டுவிட்டுத்தான் போவான்.

"சென்சார் எங்கடா?"

சாவிக்கொத்து நின்றது.

"வேன்லதான்."

"வேன்ல எங்க?"

அவளே எழுந்து வெளியே போய் வேனின் பின்கதவைத் திறந்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கவே இல்லை. வேனின் வெப்பத்தை அளந்து டேப்லெட்டுக்கு அனுப்பும் சென்சார், கதவருகே மாட்டியிருக்க வேண்டியது, அங்கே இல்லை. உள்ளே, ஒரு மூலையில், ஐஸ் பைகளுக்கு நடுவே துணி சுற்றி, கைக்குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி வைத்திருந்தான்.

வழிநெடுக வெப்பத்தைப் பதிவு செய்யும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவரச் சொல்லி நிர்வாகத்தை நச்சரித்தவளே அவள்தான். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் தலைமை மருந்தாளுநர் என்ற முறையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் விளக்கினாள். பிளாக்செயின் என்றதும் கொட்டாவி விட்டவர்களிடம், "ஒரே கணக்கை எல்லாரும் அவங்கவங்க நோட்டுல எழுதிக்கிற மாதிரிதான். ஒருத்தர் மட்டும் ரப்பர் வெச்சு அழிச்சா மத்த நோட்டெல்லாம் காட்டிக்கொடுத்துடும்," என்றாள். மருந்து செய்யும் கம்பெனி, வேன், ஆஸ்பத்திரி, சின்னச் சின்ன கிளினிக் எல்லாம் அந்தச் சங்கிலியில் வந்தன. எழுதியதை யாராலும் மாற்ற முடியாது என்று சொல்லும்போது அவள் குரலில் தனி மகிழ்ச்சி இருக்கும்.

"உனக்கு எதுக்கு தனியா ஒரு சிஸ்டம்? நீயே அதானே," என்று அவள் கணவர் சிரிப்பார். கல்யாணத்தன்று யார் வரவில்லை, யார் வந்தும் சாப்பிடாமல் போனார்கள் என்பதுவரை அவளிடம் பதிவு உண்டு. ஆடிட்டரம்மா என்றுதான் வீட்டில் பெயர்.

திரும்பி அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா இப்படி வைக்கிற?"

"கொஞ்ச நாளாத்தான்." அவன் தரையைப் பார்த்தான். "கதவைத் திறந்து திறந்து சரக்கு இறக்குறோம்ல, ஒவ்வொரு தடவையும் அது கத்துது. அது கத்தினா அடுத்த நிமிஷம் நீ போன்ல கத்துற. ரெண்டு பேர்கிட்டயும் யார் பாட்டு வாங்குறது?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான் உள்ள தள்ளி வெச்சேன். மருந்து நல்லாத்தான்கா இருந்துச்சு. இன்னிக்குன்னு பார்த்து கூலிங் நின்னுபோச்சு. எப்ப நின்னுச்சுன்னே தெரியல. அதான் கத்தலையே."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாரும் கணக்கைத் திருத்தவில்லை. சங்கிலி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது: தனக்குச் சொல்லப்பட்டதை ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வைத்திருந்தது. சொல்லப்பட்டது துணி சுற்றிய ஒரு மூலையின் குளிர் என்று அதற்கு எப்படித் தெரியும்?

"நிராகரிக்கணும்," என்றாள்.

"பண்ணு. வேண்டாம்னு சொல்லல." அவன் அருகில் வந்தான். "ஆனா காரணம் அட்டைப்பெட்டி சேதம்னு போடுக்கா. நான் ஒரு ஓரத்தைக் கிழிச்சுத் தரேன். திரும்பிப் போயிடும், தூக்கிப் போட்டுடுவாங்க. யாருக்கும் கெடுதல் இல்ல."

"டேய்..."

"ஓட்டுநர் முறைகேடுன்னு நீ போட்டா நான் எங்க போவேன்? மீன் கம்பெனி, பழக் கம்பெனி, பூ ஏத்துறவன், இப்ப எல்லாரும் இந்தச் சங்கிலியிலதான் இருக்காங்க. வேலைக்குப் போய் நின்னா விரலை வைன்னுதான் முதல்ல சொல்றான். என் ஜாதகமே வந்து நிக்கும். முன்னயெல்லாம் ஒரு முதலாளி துரத்தினா அடுத்த தெருவுல போய்ப் பொழைச்சுக்கலாம். நீதானே சொன்ன, ரப்பரே கிடையாதுன்னு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் காரணங்களின் பட்டியல் இறங்கியது. அவளே உட்கார்ந்து தயாரித்த பட்டியல். பெட்டி சேதம். காலாவதி. எண்ணிக்கைக் குறைவு. வாகனக் கோளாறு. ஓட்டுநர் முறைகேடு. கடைசியில் 'மற்றவை'. அது வேண்டவே வேண்டாம் என்று அன்று மல்லுக்கு நின்றிருந்தாள். வைத்தால் எல்லாரும் சோம்பேறித்தனமாக அதையே அழுத்துவார்கள் என்றாள். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்தான், "மேடம், நீங்க நினைச்சுப் பார்க்காதது ஒண்ணு நடக்காமலா போகும்?" என்று சேர்த்துவிட்டார்.

விரல் பெட்டி சேதத்தின் மேல் நின்றது. வசதியான பொய். மருந்து எந்தக் குழந்தைக்கும் போகாது. தம்பியின் பிழைப்பும் போகாது. அழுத்தத்தான் போனாள்.

"காலையில இங்க மட்டுந்தானா வந்த?"

அவன் முகம் மாறியது. அதுவரை அதை நினைத்தே பார்க்கவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"வழியில மூணு கிளினிக்ல இறக்கினேன்."

"அவங்க?"

"பச்சையைப் பார்த்தாங்க. கைநாட்டு வெச்சாங்க."

கிளினிக்குகளில் இந்நேரம் தாய்மார்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கிழிந்த அட்டைப்பெட்டி அவர்களுக்கு ஒன்றையும் சொல்லாது. உண்மையை எழுதினால் அந்த மூன்று இடத்திலும் அந்த நிமிடமே சிவப்பு எரியும். இதற்காகத்தானே இத்தனை பாடும்.

வாகனக் கோளாறு என்பது பாதி உண்மைதான். அவள் முறைகேடு என்ற கட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இவன் போனை எடுக்கவில்லை. சினிமா பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பதிவை அவள் எத்தனை முறை எடுத்துப் படித்திருக்கிறாள்! விசேஷங்களில், சண்டைகளில், சும்மா பேச்சுவாக்கில்கூட. மறுநாளிலிருந்து அப்பா வீடு திரும்பும்வரை படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவன் இவன்தான். பெட்பேன் எடுத்தவன் இவன்தான். அவளுக்கு இது மறந்துபோகவில்லை. ஆனால் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அழிக்க முடியாது என்பதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, கூடவே இன்னொன்று எழுதலாம் என்பதை வசதியாக விட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் சங்கிலி என்று விளக்கியவளிடம் இருந்தது ஒற்றை வளையம்.

டேப்லெட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

"நான் எழுதறதுக்கு முன்னாடி நீ எழுது."

"நானா?"

"கொடுக்கிறவர் குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு பார். யாரும் அதைத் தொடறதே இல்ல. நடந்ததை அப்படியே சொல்லு. சென்சார் கத்தினது, நீ மாத்தி வெச்சது, கூலிங் நின்னது. நான் போன்ல திட்டினதையும் சேர்த்துக்கோ."

"உன்னையுமா?"

"பொய்யா?"

"இல்ல," என்றான் வேகமாக. அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினான். மூன்று கிளினிக்குகளின் பெயரையும் போட்டான். "உடனே நிறுத்தவும்" என்று முடித்தான். அவள் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. கட்டைவிரலை வைத்தபோது திரை ஏற்கவில்லை. ஐஸ் பைகளை எடுத்து வைத்த ஈரம். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். அப்போதும் இல்லை. அவள் அவன் கையை இழுத்து, தன் வெள்ளைக் கோட்டின் நுனியால் அந்த விரலை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"இப்ப வை."

ஏற்றுக்கொண்டது.

பிறகு அவள் முறை. மருந்து நிராகரிக்கப்பட்டது. காரணம்: 'மற்றவை'. கீழே எழுதினாள்: பத்தொன்பது டிகிரி. நடந்ததை ஓட்டுநரே எழுதியிருக்கிறார். எச்சரிக்கை ஒலியை நாங்கள் அமைத்த விதத்திலும் தவறு உண்டு. தன் விரலையும் வைத்தாள். சின்ன வட்டம் சுற்றியது. எங்கெங்கோ இருக்கிற கணினிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டன. பச்சைக் கோட்டின் நுனியில் சிவப்பு வந்து உட்கார்ந்தது.

அவள் அதோடு விடாமல் கிளினிக்குகளுக்குப் போனும் போட்டாள். இரண்டில் ஊசி இன்னும் தொடங்கவில்லை. மூன்றாவதில் இரண்டு குழந்தைகளுக்குப் போட்டிருந்தார்கள். மறுபடி போடுவதற்காகத் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிடுவதாக நர்ஸ் சொன்னார்.

"வேலை போயிடுமாக்கா?"

"தெரியலடா." அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "போனாலும் போகலாம்."

"அம்மா கேட்டா?"

"நான் சொல்றேன். அப்பாவை நீ பார்த்துக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன்."

அவன் புரியாமல் நிமிர்ந்தான். "அது எப்பவோ நடந்தது. அதை ஏன் இப்ப இழுக்கிற?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. வேன் கம்பெனி மேலாளர். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தான்.

"ஆமா சார்," என்றான். "நான்தான் எழுதினேன்."