பஞ்சில் ஒட்டிய முத்திரை

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எனக்கு எழுத்து நாற்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது. பல்வலி அதற்கு முன்பே வந்துவிட்டது. முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

தொண்ணூற்றேழாம் ஆண்டு, கொழும்பு நகரின் மேல் கருமேகங்கள் சூழ்ந்து —

[வேண்டாம். அன்று நல்ல வெயில். இந்த முதுகை வைத்துக்கொண்டு மேகத்தையும் சுமக்க என்னால் முடியாது.]

2

வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரிடம் எக்ஸ்ரே படம் எடுக்கிறவள் ஐறீன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்காரி, ஒரே சந்து. இயந்திரத்தின் தலை, நாற்காலியின் பிடி, சுவரிலிருந்த மின் ஆளி, எல்லாவற்றுக்கும் பொலித்தீன் உறை போட்டிருந்தாள். பிலிமை என் வாய்க்குள் வைத்து, விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

"நிக்கலஸ் அண்ணன், எச்சில் பட்ட கை வேற எதிலயும் படக்கூடாது. ஒராள்ட வாயில இருக்கிறது மற்றாளுக்குப் போயிரும். விளங்குதா?"

நான் சொன்ன 'ஓம்', 'ஆங்' என்று வந்தது.

[இப்படி ஒருத்தி இருப்பாளா? எனக்கும் எழுதும்போது சந்தேகம் வந்தது. குண்டு வெடிக்கிற ஊரில் எச்சிலுக்குப் பயந்தவள். இருந்தாள். நான் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.]

3

அப்போது சோதனைக்கு ஒரு சிப்பாய் வந்தான். அவனைவிடத் துப்பாக்கிக்கு வயது கூட.

"ரிப்போட் எக்க கோ?"

கொழும்பில் தமிழர் எப்போதும் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டான். அது இல்லாவிட்டால் ஜீப். ஜீப்புக்குப் பிறகு எங்கே என்று யாரும் சொல்வதில்லை. பிலிமைக் கடித்தபடி, வாயிலிருந்த அதே விரலால் சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன்.

"ஐயோ மாதாவே, எச்சில் கை! மல்லி, அல்லன்ட எப்பா!"

தம்பி, தொடாதே என்று அவள் சிங்களத்தில் கத்தியதில் சிப்பாய் கையை இழுத்துக்கொண்டான். ஐறீன் புதுக் கையுறை மாட்டினாள். துண்டை வாங்கி, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தாள்.

துண்டு சுத்தமாகிவிட்டது. ஊதா முத்திரையும் இன்ஸ்பெக்டரின் கையெழுத்தும் அதோடு போய்விட்டன.

"சீல் எக்க கோ?"

முத்திரை எங்கே என்றால் அவள் என்ன செய்வாள்? பஞ்சைத் திருப்பிக் காட்டினாள். அவன் வாங்கப் போனான். வெறுங்கையாலா என்று அவளிடமிருந்து சிங்களத்தில் ஓர் அதட்டல். துப்பாக்கியைத் தோளில் போட்டுவிட்டு அவனும் கையுறை மாட்டி, பஞ்சையும் துண்டையும் வாங்கினான்.

4

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் ஜீப் வருகிறது, ஐறீன் அதன் கதவுப்பிடிக்கும் பொலித்தீன் —

[உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.]

மற்றதில் சிப்பாய் சிரித்துவிட்டு, போங்கள் என்று —

[அதற்குக் கை ஓடவில்லை. இதை எழுதுவதால் நான் அன்று வீட்டுக்குப் போனேன் என்று நினைக்காதீர்கள். எழுத்தை எந்தச் சுவருக்குள் படித்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.]

ஆகவே அவனை அப்படியே நிறுத்தியிருக்கிறேன். ஒரு கையில் வெறும் துண்டு, மற்றக் கையில் ஊதாப் பஞ்சு. எது சாட்சி என்று மாறி மாறிப் பார்க்கிறான். என் விரல் மறுபடியும் வாயில். "அசையாதீங்க அண்ணன், படம் எடுக்கோணும்" என்கிறாள் ஐறீன்.

பேனாவை நீங்கள் எடுங்கள். கையைக் கழுவிவிட்டே எடுங்கள். தாளை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.