எனக்குக் கொடுத்த மாத்திரைகள்

...முழுங்கு என்றாள், என் கண்ணெதிரிலேயே முழுங்கு என்றாள் நர்ஸ் முத்தம்மாள், எழுபத்தாறாம் வருஷம், கும்மிடிப்பூண்டி சுகாதார நிலையத்து வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுக் கர்ப்பிணிகள் நிற்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என் கீழிமையை இழுத்துப் பார்த்து, "இன்னாமே, கண்ணு சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போய்க்கீது? மாசாமாசம் குடுத்த மாத்திரைய கோழிக்கா போட்ட?" கோழிக்கு இல்லை. என் புருஷனுக்குப் போட்டேன், போன மாதம் அடக்கம் செய்தோமே, ஆசீர்வாதம், அவருக்கு... இரும்பு உருக்கும் கம்பெனியில் பத்து வருடம் உலை வாசலில் நின்ற மனிதர், கை நடுங்குகிறது என்று போனால் கம்பெனி மருந்தறைக் கம்பவுண்டர் துளசிராமன் நாடி பார்த்தாரா, கண்ணைப் பார்த்தாரா, "ரத்தம் கம்மிபா, இத்த துன்னு" என்று ஒரு பொட்டலம், விரல் நசுங்கி வந்தவனுக்கும் அதே சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. இரண்டு வருடம் தின்றார். சட்டைக்குப் பொத்தான் போட மறந்தார், கம்பெனி கேட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார், மிஷன் பள்ளியில் எட்டாவது படித்த நான் என்ன செய்தேன், ஒன்று போதவில்லை போல என்று இங்கே எனக்குக் கொடுத்த அதே மாத்திரையையும், என் பங்கை, சோற்றோடு வைத்தேன். "உனுக்கு வோணாமா?" என்பார், நடுங்குகிற விரலால் என் வயிற்றைத் தொட்டு. எனுக்கு நெறைய கீது, முழுங்குய்யா, என்று நானும் இவளைப் போலத்தானே எதிரில் நின்று மிரட்டினேன்?

மெட்ராஸ் டாக்டர் ஒருவர்தான் சோதித்துவிட்டுச் சொன்னார், உடம்பில் இரும்பு தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டதாம், ஈரலில் இருக்கிறதாம், மூளையிலும் படிந்திருக்கலாமாம், நடுக்கமும் மறதியும் அதனால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம்... "சத்து மாத்திரை ஏதாவது குடுத்தீங்களாம்மா?" இல்லை என்றேன். வாய் கூசாமல் இல்லை என்றேன். படிந்திருக்கலாமாம், சொல்ல முடியாதாம், அப்படியென்றால் நான் யார் சட்டையைப் போய்ப் பிடிப்பது, துளசிராமனையா, கம்பெனிக்காரனையா, சோற்றில் மாத்திரை வைத்த இந்தக் கையையா? "இன்னா யோசன, உள்ள ஒரு உசுரு கீது, தெரியும்ல?" என்றாள் முத்தம்மாள். தெரியும். அவருக்குக் கூடாதது அதற்கு வேண்டுமாம், அதன் பங்கைத்தான் எடுத்து அவருக்கு ஊட்டியிருக்கிறேன்... அவள் கையிலிருந்த மாத்திரையை ஆத்திரத்தோடு பிடுங்கி நாக்கில் வைத்தேன். மேல்பூச்சு கரைந்தது, உள்ளே இரும்பு ருசி. இந்த ருசி எனக்குத் தெரியும். எப்படித் தெரியும், இதுவரை ஒன்றைக்கூட நான் வாயில் போட்டதில்லையே... கல்யாணமான புதிதில், ஷிப்டு முடிந்து வந்து நிற்பார், அவர் கழுத்தில், அந்த வேர்வையில் இதே ருசி... துளசிராமனின் முதல் பொட்டலத்துக்கு எட்டு வருடம் முன்பே, அப்போதே உலை இரும்பு அவருக்குள் ஏறியிருந்ததா?