மூன்றாம் மாடிக்குத் தண்ணீர்

நாவற்குடாவில் வாவிப் பக்கமாக சுலோஜனாவுக்கு ஒரு வளவு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆறு அறைகள் ஒரே வரிசையாக நின்றன. புருஷன் காலமான பிறகு அந்த அறைகளின் வாடகைதான் அவளுக்குச் சாப்பாடு. குடியிருந்தவர்கள் அவளை முகத்துக்கு முன்னால் அக்கா என்பார்கள், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வீட்டுக்காரி என்பார்கள். இரண்டும் அவள் காதில் விழத்தான் செய்தன.

கரையோரத்துப் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு, அங்கே பெரிய பெரிய தொடர்மாடிகள் கட்டி வாடகைக்கு விடுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. சுலோஜனாவின் வளவும் அதற்குள் அகப்பட்டது. காணிக்காரர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. விரும்பினால் அங்கேயே வாடகைக்கு ஒரு வீடும் எடுக்கலாம் என்றார்கள். கனடாவிலிருந்து மகள் கூப்பிட்டாள். மருமகன் வீட்டில் ஒதுங்கி இருப்பதைவிட வாடகை வீடு மேல் என்று சுலோஜனாவுக்குப் பட்டது. கட்டி முடியும்வரை குருக்கள்மடம் என்ற ஊரில் தங்கையோடு இருந்துவிட்டு, மூன்றாம் மாடிக்குக் குடிவந்தாள்.

வந்த அன்றே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பஸ்னா நின்றாள். சுலோஜனாவின் நாலாம் அறையில் தையல் மெஷினோடு பல வருஷம் குடியிருந்தவள். புருஷனுக்குக் கட்டாரில் வேலை.

"அக்கா, நீங்களும் இங்கயா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். வீட்டுக்காரியும் வாடகைக்கு வந்துவிட்டாளா என்பதுபோல சுலோஜனாவுக்கு அது கேட்டது. "ஓம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு, எதிர்க்கதவின் சத்தம் அடங்கிய பின்னரே வெளியே போவாள்.

சில மாதம் போனது. ஒரு நாள் இரண்டாம் மாடிக்கு மேலே தண்ணீர் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. ஆட்கள் கீழே இறங்கி வாளியில் சுமந்தார்கள். கீழே கட்டட அலுவலகத்தில் கேட்கப் போனவர்களெல்லாம் "நாளைக்கு" என்ற பதிலோடு திரும்பினார்கள். பஸ்னா சுலோஜனாவின் கதவைத் தட்டினாள்.

"நீங்க ஒருக்கா வந்து கதைங்க அக்கா."

"நான் ஏன்?"

"நீங்க கதைச்சா மறுகதை இல்ல. எங்களுக்குத் தெரியும்தானே."

சுலோஜனா சீலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். பஸ்னாவும் பின்னால் வந்தாள்.

கட்டடத்துக்குப் பொறுப்பாக இருந்த மதுஷன் மரியாதையான பெடியன். எழுந்து நின்றே பேசினான்.

"மோட்டர் பழுதாப் போச்சு அன்ரி. கொழும்பில இருந்து சாமான் வரணும்."

"எந்தக் கடைக்குச் சொன்னீங்க?"

மதுஷன் மேசையைப் பார்த்தான். "அது... மேல சொல்லியிருக்கு."

"தம்பி, நானும் ஆறு அறை வாடகைக்கு விட்டவள். சாமான் வரணும் எண்டு நான் சொன்னா, இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல எண்டு அர்த்தம். இப்ப எனக்கு முன்னால போனை எடுங்க."

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். மதுஷன் போனை எடுத்தான். மோட்டர் திருத்துகிறவன் பக்கத்துக் காத்தான்குடியிலேயே இருந்தான். காலையில் வருவதாகச் சொன்னான்.

திரும்பிப் படியேறும்போது பஸ்னா கேட்டாள். "எங்கட அறைக் குழாய் பழுதாக் கிடந்த நேரமும் சாமான் வரணும் எண்டுதான் சொன்னீங்க. அப்பவும் நீங்க ஒருத்தருக்கும் சொல்லல்லதானே அக்கா?"

சுலோஜனா ஒரு படியில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"சொல்லல்ல."

பஸ்னா அவளோடு சேர்ந்து மேலே ஏறினாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. வாசலுக்கு வந்ததும் சுலோஜனா, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ புள்ள" என்றாள்.

"தண்ணியில்லாமலா?"

"போத்தல்ல கொஞ்சம் கிடக்கு."

பஸ்னா உள்ளே வந்தாள். அந்த வீட்டுக்குள் வந்த முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் பின்னேரம் குழாய்கள் இருமிக்கொண்டு கலங்கல் தண்ணீரைத் துப்பின, பிறகு தெளிந்தன. அடுத்த கிழமை நாலாம் மாடியிலிருந்து ஒருத்தி, விறாந்தை லைட் எரியவில்லை என்று சுலோஜனாவிடம் வந்து சொன்னாள். அதை ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று சுலோஜனா கேட்கவில்லை. இப்போது அவள் அலுவலக வாசலில் தெரிந்தாலே மதுஷன் முதலில் கதிரையை இழுத்துப் போடுவான், அடுத்ததாகப் போனைக் கையில் எடுப்பான்.